ஈயின் இறக்கையும் சாட்சிக் கூண்டும்



சட்டம் பயிலும் மாணவர்களும் சிலர் வந்திருப்பதாக விலங்கியல் துறைத் தலைவர் சொன்னார். அதனால் வழக்கறிஞர் கேட்கக்கூடிய கேள்வியிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

ஒரு கொலை வழக்கு. சடலத்தில் கிடைத்த புழுக்களை ஆராய்ந்த பூச்சியியலாளர், "முட்டையிட்டுக் குறைந்தது ஐந்து நாளாவது ஆகியிருக்கும்" என்று அறிக்கை தந்திருக்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "இந்த ஈ நீங்கள் சொல்லும் இனம்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். "இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், பார்த்தாலே தெரியும்" என்று இவர் சொல்கிறார். அது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி வரும்: "நூறு ஈயைக் காட்டினால் எத்தனையில் தவறுவீர்கள்?" இதற்கு அவரிடம் பதில் கிடையாது. அவர் பொய் சொல்லவில்லை. தன் கண்ணை அவர் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஈயின் இறக்கை அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடித் தருகிறது. நிபுணரின் கண்ணுக்குள் இருக்கும் அறிவை, எதிர்த்தரப்பும் எடுத்து அளந்து பார்க்கக்கூடிய எண்ணாக அது மாற்றுகிறது. அதன் மதிப்பு இதில்தான் இருக்கிறது. அதன் ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது. இரண்டையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

புழுவின் வயதும் ஈயின் பெயரும்

ஈயைக் குற்ற விசாரணைக்குப் பயன்படுத்துவது நேற்று வந்த யோசனை அல்ல. 1247-இல் சீன நீதி அதிகாரி சோங் ட்ஸு எழுதிய நூலில் ஒரு சம்பவம் வருகிறது. அரிவாளால் வெட்டிய கொலை. விசாரணை அதிகாரி ஊரார் அனைவரையும் தத்தம் அரிவாளைக் கொண்டுவந்து வெயிலில் வைக்கச் சொன்னார். கழுவியும் போகாத இரத்த வாடைக்கு ஒரே ஒரு அரிவாளில் மட்டும் ஈக்கள் வந்து மொய்த்தன. உரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈ இட்ட முட்டையிலிருந்தே வருகிறது என்பதை இத்தாலியின் பிரான்சிஸ்கோ ரெடி மூடிய ஜாடிகளையும் திறந்த ஜாடிகளையும் வைத்து நிரூபித்தது 1668-இல். பிணத்துக்கு எந்தப் பூச்சி முதலில் வரும், எது பிறகு வரும் என்று பிரான்சின் மெனியன் வரிசைப்படுத்தி நூல் வெளியிட்டது 1894-இல்.

இந்த அறிவு ஒரு பெரிய வழக்கில் பயன்பட்டதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ரக்ஸ்டன் வழக்கு. இங்கிலாந்தின் லங்காஸ்டரில் மருத்துவம் பார்த்துவந்த பக் ரக்ஸ்டன், பம்பாயில் பிறந்த பார்சி. 1935 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தில் மொஃபட் ஊருக்குப் பக்கத்தில், ஓடைப் பாலம் ஒன்றின் கீழே, துண்டு துண்டாக்கி மூட்டை கட்டிப் போட்ட இரண்டு பெண்களின் உடல்கள் அகப்பட்டன. அதிலிருந்த புழுக்களைப் பார்த்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மேர்ன்ஸ். அவை கல்லிஃபோரா விசினா என்ற நீல ஈயின் புழுக்கள் என்றும், அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்றும் அவர் கணித்தார். கணக்கு செப்டம்பர் நடுப்பகுதியில் போய் நின்றது. ரக்ஸ்டனின் மனைவியும் வீட்டுப் பணிப்பெண்ணும் காணாமல் போனது அப்போதுதான். 1936 மே 12 அன்று ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார். அந்தப் புழுக்கள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மேர்ன்ஸ் சொன்னதில் இரண்டு பகுதி உண்டு என்பதைக் கவனியுங்கள். முதலில் பெயர், பிறகு வயது. பெயர் தெரியாமல் வயது சொல்ல முடியாது. ஈயின் வளர்ச்சியை வெப்பம் நடத்துகிறது. முட்டை பொரிவதற்கும், புழு இரண்டு முறை தோலுரித்து மூன்று நிலைகளைக் கடப்பதற்கும், கூட்டுப்புழுவாவதற்கும், ஈயாக வெளிவருவதற்கும் ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வளவு வெப்பம் சேர வேண்டும் என்ற கணக்கு உண்டு. நம் ஊர் வெயிலில் கிரைசோமியா மெகாசெஃபலா என்ற பச்சை ஈ முட்டையிலிருந்து ஈயாகச் சுமார் பத்து நாளில் வந்துவிடும். அதே சடலத்தில் பக்கத்திலேயே வளரும் வேறோர் இனத்தின் கணக்கு வேறு. ஒரு இனத்தின் அட்டவணையை இன்னொன்றுக்குப் போட்டால் ஒரு நாளோ இரண்டு நாளோ தவறும். குற்றம் சாட்டப்பட்டவர் வெளியூரில் இருந்தேன் என்று சொல்லும் நாள் அந்த ஒரு நாளாகவே இருந்துவிடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டில் மெகாசெஃபலாவுக்குப் பின்னாலேயே வரும் கிரைசோமியா ரூஃபிஃபேசீஸின் புழுக்களுக்கு உடல் முழுவதும் சதை முளைகள் இருக்கும். இவை பிணத்தை மட்டும் தின்பதில்லை, முன்னால் வந்த ஈயின் புழுக்களையும் பிடித்துத் தின்னும். முதல் சாட்சியைப் பின்னால் வந்தவன் விழுங்கிவிடுகிறான். எஞ்சியிருப்பவை ரூஃபிஃபேசீஸ் என்று சரியாகக் கண்டுகொண்டால்தான், "இதற்கு முன்னும் ஒரு கூட்டம் வந்திருக்கலாம்" என்ற எச்சரிக்கை அறிக்கையில் இடம்பெறும்.

கிண்டியிலிருந்து வந்த வழி

இறக்கைக்கு வருமுன், ஈயைக் கண்ணால் அடையாளம் காண்பது எப்படி என்று சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையில் சென்னைக்குப் பழைய உறவு இருக்கிறது. கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் பணியாற்றிய இந்திய மருத்துவப் பணி அதிகாரி வால்டர் ஸ்காட் பேட்டன், தன் சகா கிராகுடன் சேர்ந்து 1913-இல் எழுதிய மருத்துவப் பூச்சியியல் பாடநூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. புண்ணிலும் பிணத்திலும் வளரும் ஈக்களை வகைப்படுத்துவதில் அவர் பல ஆண்டு உழைத்தார். கிரைசோமியா வில்லனூவி என்ற இனத்தை 1922-இல் விவரித்தவர் அவர்தான். இந்திய விலங்குகள் பற்றிய அரசு நூல்வரிசையில் இந்த ஈக் குடும்பத்துக்கான தொகுதி 1940-இல் வந்தது. அதன் மூன்று ஆசிரியர்களில் முதல்வரான சீனியர்-வைட், இலங்கையின் மாத்தளையில் இருந்தபோதே ஈக்களைச் சேகரிக்கத் தொடங்கியவர்.

இவர்கள் கற்றுத்தந்த வழி முள்மயிர்களையும் நிறங்களையும் பார்ப்பது. மெகாசெஃபலாவின் ஆண் ஈயை எளிதில் கண்டுகொள்ளலாம்: கண்ணின் மேற்பாதியில் உள்ள சிறு கண்கள் பெரியவை, கீழ்ப்பாதியில் சிறியவை, நடுவில் கோடு கிழித்தாற்போலப் பிரிவு தெரியும். நெருங்கிய உறவான கிரைசோமியா பிங்குயிஸின் ஆணுக்கு அந்தத் திட்டமான பிரிவு கிடையாது. ஆனால் பெண் ஈக்களில் இந்த வசதி இல்லை. பிணத்தை நாடி முட்டையிட வருவது பெண் ஈ. சடலத்தின் மேல் வலைவீசிப் பிடித்தால் அதிகம் அகப்படுவதும் அதுதான்.

கண்ணால் காணும் அடையாளங்களில் சில இறக்கையிலேயே இருக்கின்றன. கிரைசோமியாவில் ரேடியஸ் நரம்பின் அடிப்பகுதியில் ஒரு வரிசை மயிர் இருக்கும், லூசிலியாவில் இருக்காது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்ள சிறு செதில் கல்லிஃபோரா விசினாவில் ஆரஞ்சு மஞ்சளாகவும், கல்லிஃபோரா வொமிட்டோரியாவில் கறுப்பாகவும் இருக்கும். இப்படி ஒற்றை அடையாளம் கிடைக்கும் இடத்தில் லென்ஸ் போதும், கணினி வேண்டாம். ஒற்றை அடையாளம் கிடைக்காத இடத்தில்தான் வடிவம் தேவைப்படுகிறது.

பத்தொன்பது புள்ளிகள்

ஏன் இறக்கை? ஈயின் மற்ற உறுப்புகள் காய்ந்தால் சுருங்கும், நிறம் மங்கும், முள்மயிர் உதிரும். இறக்கை தட்டையானது, கெட்டியானது. அதில் ஓடும் நரம்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் திட்டமானவை. 1898-இல் அமெரிக்காவின் காம்ஸ்டாக்கும் நீதமும் அவற்றுக்கு ஒரு பொதுப் பெயர்முறையை முன்வைத்தார்கள். அன்றிலிருந்து எந்தப் பூச்சியின் இறக்கையிலும் காஸ்டா, ரேடியஸ், மீடியா, க்யூபிட்டஸ் என்று நரம்புகளைப் பொருத்திப் பேச முடிகிறது. பச்சை ஈயின் இறக்கையை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு வளைவு பளிச்சென்று தெரியும். மீடியா நரம்பு நேராக ஓரத்துக்குப் போகாமல், பாதி வழியில் திடீரென முன்பக்கம் திரும்பி ரேடியஸின் கடைசிக் கிளையை நெருங்குகிறது. அந்தத் திருப்பம் எங்கே, எவ்வளவு கூர்மை என்பது இனத்துக்கு இனம் மயிரிழை அளவு மாறும். நம் கண்ணுக்கு அது பிடிபடாது, அளவுகோலுக்குப் பிடிபடும்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நுனி இடுக்கியால் வலது இறக்கையை அடியோடு எடுக்க வேண்டும். இடமும் வலமும் ஒரே ஈயில்கூடக் கொஞ்சம் வேறுபடும் என்பதால் எப்போதும் ஒரே பக்கம். அதை ஸ்லைடில் மடிப்பில்லாமல் விரித்து, மேலே கவர் ஸ்லிப் வைத்து, நுண்ணோக்கிக் கேமராவில் படமெடுக்க வேண்டும். பிறகு கணினித் திரையில் நரம்புகள் சந்திக்கும், கிளைக்கும், ஓரத்தைத் தொடும் இடங்களில் புள்ளி வைக்க வேண்டும். பச்சை ஈக்களுக்குப் பத்தொன்பது புள்ளிகள் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் குறுக்கு அளவு ஒன்று, நெடுக்கு அளவு ஒன்று. மொத்தம் 38 எண்கள். ஒரே ஆள் வேறொரு நாளில் அதே படங்களில் மறுபடி புள்ளி வைத்து, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கவும் வேண்டும். கைப்பிசகு இன வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்து பயனில்லை.

இனி கணக்கு. இறக்கை திரையில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பெரிதா சிறிதா என்பவை நமக்கு வேண்டாம். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டேவிட் கெண்டல் வடிவத்துக்கு இப்படித்தான் இலக்கணம் சொன்னார்: இருப்பிடம், அளவு, சாய்வு மூன்றையும் நீக்கியபின் எஞ்சுவதே வடிவம். பள்ளிச் சுவரில் தொங்கும் தமிழ்நாட்டு வரைபடத்தையும் பாடப்புத்தகத்தில் சாய்த்து அச்சிட்ட சிறிய வரைபடத்தையும் ஒன்றென்று குழந்தை கண்டுகொள்கிறதே, அந்த வேலையைத்தான் கணினி செய்கிறது. எல்லா இறக்கைகளின் மையத்தையும் ஒன்றாக்கி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, புள்ளிகள் இயன்றவரை பொருந்தும்படி சுழற்றுகிறது. இருப்பிடத்துக்கு இரண்டு, அளவுக்கு ஒன்று, சுழற்சிக்கு ஒன்று என 38-இல் நான்கு கழிந்து 34 பரிமாணங்கள் மிஞ்சுகின்றன. அந்த வெளியில் ஒவ்வோர் இனமும் தனித்தனித் திரளாக நிற்கிறதா என்பதே கேள்வி.

அளவை ஏன் கழிக்கிறோம் தெரியுமா? கூட்டை விட்டு வெளிவந்த ஈ அதற்குமேல் வளர்வதில்லை. சின்ன ஈ குட்டி ஈ அல்ல. இரை போதாமல் நெருக்கடியில் வளர்ந்த புழுவிலிருந்து வந்த ஈ. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து பெரிய ஈயும் வரும், பாதி அளவு ஈயும் வரும். அளவை நம்பினால் பசியை இனம் என்று எண்ணிவிடுவோம். வடிவம் இதில் ஓரளவு நிலையானது. முழுக்க நிலையானதல்ல: அளவு மாறும்போது வடிவமும் சற்று மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இருக்கும், வளர்ந்த வெப்பநிலையும் தடம் பதிக்கும். ஆகவே இவற்றைத் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறை பல நாடுகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. பிரேசிலில் 2010-இல், உயிருள்ள சதையைத் தின்னும் திருகுப்புழு ஈயையும், அதைப் போலவே தோன்றி அழுகிய சதையை நாடும் அதன் உறவினத்தையும் இறக்கையால் பிரித்துக் காட்டினார்கள். 2012-இல் வெனிசுவேலாவில் மெகாசெஃபலாவையும் கிரைசோமியா அல்பிசெப்ஸையும் பிரித்தார்கள். மெகாசெஃபலா அந்தக் கண்டத்து ஈயே அல்ல. 1970-களில்தான் பிரேசிலில் கால்வைத்தது. நமக்கு மிக நெருக்கமானது தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்திலிருந்து 2017-இல் வந்த ஆய்வு. பன்னிரண்டு இனங்கள், பத்தொன்பது புள்ளிகள். மெகாசெஃபலா, ரூஃபிஃபேசீஸ், லூசிலியா குப்ரினா, ஹெமிபைரெல்லியா லிகுரியன்ஸ் என்று அந்தப் பட்டியலில் வருபவற்றுள் பல நம் மீன் சந்தையிலும் பறப்பவை.

அந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது பிழையை எண்ணும் முறை. ஒவ்வோர் ஈயையும் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, மற்றவற்றைக் கொண்டு மட்டும் அதன் இனத்தைச் சொல்லும்படி கணினியைக் கேட்கிறார்கள். எத்தனை முறை சரி, எத்தனை முறை தவறு, எந்த இனத்தை எந்த இனமென்று மாற்றிச் சொல்கிறது என்று அட்டவணை போடுகிறார்கள். சாட்சிக் கூண்டில் கேட்கப்படும் "நூற்றுக்கு எத்தனை?" என்ற கேள்விக்கான பதில் அந்த அட்டவணையில் இருக்கிறது.

கணினி சொல்லாத ஒன்று

இனி ஆபத்து. இந்தக் கணக்குக்கு "தெரியாது" என்று சொல்லத் தெரியாது. தொகுப்பில் பன்னிரண்டு இனங்கள் இருந்தால், வருகிற ஈயைப் பன்னிரண்டில் ஒன்றில் தள்ளிவிடும். அது பதின்மூன்றாவது இனமாக இருந்தாலும், எது கிட்டத்தில் இருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லி, நம்பும்படியான நிகழ்தகவு ஒன்றையும் பக்கத்தில் அச்சிட்டுத் தரும். தாய்லாந்துத் தொகுப்பைக் கொண்டு நீலகிரியில் அகப்பட்ட ஈக்குப் பெயர் சூட்டினால் இதுதான் நடக்கும். எந்தத் திரளிலிருந்தும் இந்த ஈ எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைத் தனியே அளந்து, எல்லை தாண்டினால் பெயர் சொல்ல மறுக்க வேண்டும். மறுக்கத் தெரிந்த முறைதான் நீதிமன்றத்துக்கு ஏற்றது.

அடுத்தது, இறக்கை ஈக்கு மட்டுமே உண்டு. சடலத்தில் பெரும்பாலும் கிடைப்பது புழு. அதனால்தான் கிடைத்த புழுக்களில் ஒரு பகுதியை வெந்நீரில் முக்கிக் கொன்று 80 சதவீத எத்தனாலில் போட்டுவைத்து, மறுபகுதியை ஈரல் துண்டு கொடுத்து உயிரோடு வளர்க்க வேண்டும் என்பது விதி. முதற்பகுதி வயதுக்கு, இரண்டாம் பகுதி ஈயாகி வந்து பெயருக்கு. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பிரேதப் பரிசோதனை மேசைக்கு வருமுன்பே அருவருப்பில் புழுக்களைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறார்கள். இறக்கை முறையைவிட முதலில் தேவைப்படுவது, கழுவாதே என்று சொல்ல ஓர் ஆள்.

பூட்டிய வீட்டுக்குள் மட்டும் நிலைமை வேறு. நாள்பட்ட சடலம் கிடக்கும் அறையில் ஜன்னலோரம் செத்த ஈக்களும் தரையோரம் காலிக் கூடுகளும் கிடக்கும். அங்கே ஓர் ஈயின் இறக்கை விரியாமல் சுருங்கியே இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டை உடைத்து வெளிவந்த ஈ, உடல்நீரை நரம்புகளுக்குள் ஏற்றித்தான் இறக்கையை விரிக்கும். விரியாத இறக்கையோடு அது வெளியிலிருந்து பறந்து வந்திருக்க முடியாது. அங்கேயே பிறந்தது, ஒரு தலைமுறை முழுதும் அந்த அறையிலேயே முடிந்திருக்கிறது. அந்த இறக்கையில் பத்தொன்பது புள்ளி வைக்க முடியாதுதான். ஆனாலும் அது சொல்லும் சேதி பெரிது.

டிஎன்ஏ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். டிஎன்ஏ வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் வழக்கமாகப் படிக்கும் அந்த ஒற்றை மரபணுத் துண்டால் லூசிலியா சீசரையும் லூசிலியா இல்லஸ்ட்ரிஸையும் நம்பிப் பிரிக்க முடிவதில்லை. இரண்டு வழிக்கும் போட்டியும் இல்லை. ஒரு காலைப் பிய்த்து டிஎன்ஏவுக்கு, வலது இறக்கையை ஸ்லைடுக்கு, மீதி உடலை ஊசியில் குத்திப் பெட்டிக்கு என்று ஒரே ஈயை மூன்றாகப் பங்கிடலாம். மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால் பலம். முரண்பட்டால் அதை அறிக்கையில் எழுத வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் மாறியிருக்கிறது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் இருந்த நிபுணர் கருத்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 39-ஆம் பிரிவுக்கு வந்திருக்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 329-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அரசு அறிவியல் நிபுணர்களின் அறிக்கையை, அவர்களை நேரில் அழைக்காமலே சாட்சியமாக ஏற்கலாம். நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யாமலே அறிக்கை மட்டும் பேசும் வழக்குகள் இருக்கும் என்றால், அந்த அறிக்கைக்குள்ளேயே பிழை விகிதம் இருக்க வேண்டாமா? இறக்கைப் படம், புள்ளிகள், ஒப்பிட்ட தொகுப்பு, தவறிய எண்ணிக்கை ஆகியவற்றை இணைப்பாகத் தந்துவிட்டால், எதிர்த்தரப்பு இன்னொரு விலங்கியல் ஆசிரியரிடம் கொடுத்து ஒரே நாளில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் தொடங்கியது. கிண்டியில் பேட்டன் ஈக்களைப் பார்த்தார். இப்படித் தொடங்கிய ஊரில், நம் சொந்த ஈக்களின் ஒப்பீட்டுத் தொகுப்பை உருவாக்குவது கல்லூரி விலங்கியல் துறைகளால் ஆகாத காரியம் அல்ல. கடற்கரை, டெல்டா, வறண்ட மேற்கு, மலை என்று நிலத்துக்கு ஒரு கல்லூரி போதும். மாதம் ஒருமுறை ஈரல் வைத்த பொறியில் ஈ பிடியுங்கள். ஆண், பெண், இடம், தேதி, அன்றைய வெப்பநிலை குறித்து, ஊசியில் ஓர் உடல், ஸ்லைடில் ஒரு வலது இறக்கை என்று சேருங்கள். படங்களையும் புள்ளிகளின் எண்களையும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள். பொறுமைதான் இதில் பெரிய செலவு; இளநிலை மாணவர்களே செய்துவிடலாம்.

தொகுப்பு வளர வளர, பெயர் சொல்ல மறுக்க வேண்டிய ஈக்களின் எண்ணிக்கை குறையும். அதுவரை மறுக்கும் துணிவு நமக்கு வேண்டும். நீதிமன்றத்தில், "இந்த ஈ எங்கள் தொகுப்பில் உள்ள எதனோடும் பொருந்தவில்லை, இதன் வயதை நான் சொல்ல மாட்டேன்" என்று ஒரு நிபுணர் கூறினால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள், சட்டம் பயிலும் நண்பர்களே. அவர் வேறொரு வழக்கில் பொருந்துகிறது என்று சொல்லும்போது நீங்கள் நம்புவதற்கு அதுவே காரணம்.